கொதிப்பது எண்ணெய் அல்ல

மஃரிப் தொழுகை முடிந்து ஆட்கள் கடைத்தெருப் பக்கம் வரும் நேரத்தில் நெல்லை மேலப்பாளையத்தில் எண்ணெய்ச் சட்டிகள் நல்ல சூட்டில் இருக்கும். நாலடி அகலக் கடை, இல்லையென்றால் ஒரு தள்ளுவண்டி. முன்னால் அலுமினியத் தட்டில் செக்கச்சிவந்த மசாலா பூசிய மீன் துண்டுகள், ஓரத்தில் அறுத்த எலுமிச்சை, வட்டமாக நறுக்கிய பெரிய வெங்காயம். வாராவாரம் செவ்வாய்க்கிழமை கால்நடைச் சந்தை கூடும் ஊர் இது. கறிக்குத்தான் இங்கே பெயர். அப்படியிருந்தும் பொரிச்ச மீனுக்கு ஆள் காத்து நிற்கிறது என்றால் அந்தக் கடைக்காரர் ஏதோ சரியாகச் செய்கிறார்.

ஒரே தெருவில் நாலு கடை இருந்தால் எதில் பார்சல் வாங்குவது? உள்ளூர்க்காரரைக் கேட்டால், "கூட்டம் நிக்கிற கடையில வாங்குங்க அண்ணாச்சி" என்பார். கூட்டத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவதில் ஆபத்து உண்டு. மீன் வாங்குவதில் அநேகமாக இல்லை. மீன் கெடுவது மணிக்கணக்கில், எண்ணெய் கெடுவது நாள்கணக்கில், மொறுமொறுப்பு போவது நிமிடக்கணக்கில். மூன்றையும் ஒருசேரக் காப்பாற்றக் கடைக்காரருக்கு இருக்கும் ஒரே வழி சரக்கு சீக்கிரம் விற்றுத் தீர்வதுதான். மற்ற எல்லாச் சூட்சுமங்களும் இதற்குப் பிறகு வருபவை.

மேலப்பாளையத்தில் பாளையங்கால்வாய் ஓடுகிறது, கூப்பிடு தூரத்தில் தாமிரபரணி; கடல் மட்டும் இல்லை. தூத்துக்குடி சுமார் 50 கிலோமீட்டர். தெற்கே உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் குளச்சல், தேங்காய்ப்பட்டணம். இரண்டு கடற்கரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது நெல்லைக்கு ஒரு வசதி. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கன்னியாகுமரிக்கு மேற்கே நீரோடி வரையுள்ள கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். இந்தப் பக்கம் அடைத்தால் அந்தப் பக்கம் திறந்திருக்கும், ஜூன் முதல் இரண்டு வாரம் தவிர. அந்த 14 நாளில் இரு கரையிலும் விசைப்படகு கிடையாது. நாட்டுப்படகு மீனும் குளத்து மீனும் ஐஸ் அறையில் கிடந்த சரக்கும்தான் சந்தைக்கு வரும். அப்போது பெரிய சீலாத் துண்டு மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுவது நியாயம்.

ஐஸ் என்றதும் முகம் சுளிப்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். "பச்சை மீனா, ஐஸ் மீனா?" என்று கேட்டுவிட்டு, ஐஸ் என்றால் கூடையைத் தள்ளிவிட்டுப் போவார்கள். இது பாதி சரி, பாதி அநியாயம். மன்னார் வளைகுடாவின் நீர் 28 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதில் வாழும் மீனின் உடம்பும் அதே சூடு. அதன் தோலிலும் செவுளிலும் குடலிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களும் பெரும்பாலும் அந்தச் சூட்டுக்குப் பழகியவை. அவற்றை ஐஸில் போட்டு ஜீரோ டிகிரிக்கு இறக்கினால் அப்படியே முடங்கிவிடுகின்றன. வட கடலில் பிடிபடும் காட் மீனின் பாக்டீரியாவோ பிறந்ததிலிருந்தே குளிரில் வளர்ந்தது. ஐஸ் அதற்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. அதனால் ஒழுங்காக ஐஸ் போட்டால் வெப்பமண்டல மீன் குளிர்நாட்டு மீனைவிட அதிக நாள் தாங்கும். இது பல ஆய்வுகளில் கண்ட விஷயம். நம்மிடம் குறை மீனில் இல்லை, ஐஸ் போடும் கையில்தான்.

எவ்வளவு ஐஸ் வேண்டும்? ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து ஜீரோவுக்குக் கொண்டுவர அதிலிருந்து ஏறக்குறைய 108 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்ச வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் உறிஞ்சும். அப்படியானால் மீனின் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஐஸே போதும்போலத் தோன்றும். ஆனால் பெட்டிக்கு வெளியே நெல்லையின் வெயில் இருக்கிறது. வழிநெடுகப் பெட்டிக்குள் நுழையும் சூட்டையும் அந்த ஐஸ்தான் தாங்க வேண்டும். மீன் ஒரு பங்கென்றால் ஐஸும் ஒரு பங்கு என்று நம் நாட்டு வெப்பத்துக்குச் சொல்லப்படும் அளவு அப்படித்தான் வந்தது. காலையில் ஏலம் எடுத்து, மேலே இரண்டு கை ஐஸைத் தூவி, மதியம்வரை வண்டியில் வைத்துக் கொண்டுவந்த 'பச்சை மீனை'விட, சரிக்குச் சரி ஐஸில் இரண்டு நாள் இருந்த மீன் மேல்.

அந்த மதிய வெயிலில் மீனுக்குள் என்ன நடக்கிறது? கடல் மீன் உப்புத் தண்ணீரில் வாழ்வதால், தன் உடம்பின் நீர் வெளியே இழுக்கப்படாமலிருக்கத் தசைக்குள் டிரைமெத்தில்அமீன் ஆக்சைடு என்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதற்கு மணமே கிடையாது. மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கின்றன, மிஞ்சுவது டிரைமெத்தில்அமீன். நாம் 'மீன் கவிச்சி' என்று சொல்வதில் பெரும்பங்கு அதுதான். புதிதாகப் பிடித்த சாளையில் கவிச்சி இல்லை. கடல்காற்றின் வாசம்தான் இருக்கும். டிரைமெத்தில்அமீன் ஒரு காரம். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் அமிலமும் காரமும் சேர்ந்து உப்பாகிவிடும். உப்பு ஆவியாகிப் பறக்காது. பறக்காதது மூக்குக்கு எட்டாது. பொரிச்ச மீனோடு எலுமிச்சைத் துண்டு வைப்பதும், இங்கிலாந்தில் வினிகர் தெளிப்பதும் நாக்குக்காக மட்டும் என்று நினைத்திருந்தால், மூக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனாலேயே, பொரிப்பதற்கு முன்னால் மசாலாவில் எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிகிற கடையைக் கொஞ்சம் கவனித்துப் பார்ப்பது நல்லது. கைப்பக்குவமாகவும் இருக்கலாம், மறைப்பதற்கு ஏதோ இருக்கவும் கூடும்.

ஆற்று மீனிலும் குளத்து மீனிலும் இந்த ஆக்சைடு மிகக் குறைவு. அவற்றின் குறை வேறு: சேற்று வாடை. குளத்திலுள்ள சில நுண்ணுயிர்கள் ஜியாஸ்மின் என்ற பொருளைச் சுரக்கின்றன. ஜிலேபிக் கெண்டையின் கொழுப்பில் அது சேர்கிறது. கோடை மழையின் முதல் துளி விழுந்ததும் கிளம்பும் மண்வாசனையில் இருப்பதும் இதே பொருள்தான். காற்றில் வந்தால் கவிதை எழுதுகிறோம், கெண்டையில் வந்தால் தட்டைத் தள்ளுகிறோம். ஜியாஸ்மினையும் அமிலம் சிதைக்கும். புளியும் எலுமிச்சையும் குளத்து மீனுக்குக் கைகொடுப்பது இதனால்தான்.

நாற்றத்தை மறைக்கலாம்; ஒன்றை மட்டும் மறைத்தும் பயனில்லை. அயிலை, சூரை, சாளை போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய. வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். பலர் இதை 'மீன் ஒவ்வாமை' என்று நினைத்துக் காலமெல்லாம் மீனை விட்டுவிடுகிறார்கள். கெட்டது அன்றைக்கு வந்த மீன் மட்டும்தான். 180 டிகிரி எண்ணெயில் பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் சாகாது. "நல்லாப் பொரிச்சா ஒண்ணும் செய்யாது" என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உதவாது.

முழு மீனை வெட்டிப் பொரிக்கும் கடையில் செவுளைப் பார்க்கலாம். சிவப்பாக இருந்தால் ரத்தத்தின் ஹீமோகுளோபின் இன்னும் கெடவில்லை. பழுப்பேறியிருந்தால் ஆக்சிஜன் பட்டு மாறிவிட்டது. கண் உப்பியிருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். மசாலாவில் முக்கிய துண்டில் இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. அங்கே சாட்சி சொல்வது சதை. மீனின் தசை ஆட்டுக்கறிபோல் நீண்ட நாராக இல்லாமல், மெல்லிய அடுக்குகளாக, அடுக்குக்கு அடுக்கு கொலாஜன் சவ்வு வைத்துக் கட்டப்பட்டது. மீனின் கொலாஜன் அளவிலும் குறைவு, குறைந்த சூட்டிலேயே கரைந்தும் விடும். அதனால் பக்குவமாக வெந்த பாறை மீனை விரலால் அழுத்தினால் தாமரையிதழ்போல் ஏடு ஏடாக விலகும். ஏடு பிரியாமல் கூழாகக் குழைந்தால் அது நாள்பட்டது, அல்லது உறைந்து உருகி மறுபடி உறைந்தது. புதிய கடையில் முதலில் ஒரு துண்டு மட்டும் வாங்கி, நின்ற இடத்திலேயே பிட்டுப் பார்ப்பது இந்தச் சோதனைக்காகத்தான்.

இனிச் சட்டிக்கு வருவோம். 'எண்ணெய் கொதிக்குது' என்கிறோம். எண்ணெய் கொதிக்கவே இல்லை. 175 டிகிரியில் எண்ணெய் சும்மா இருக்கும். அதில் மீனைப் போட்டதும் சொர்ரென்று குமிழ்வது மீனிலிருந்து வெளியேறும் தண்ணீர். அந்த நீராவிதான் மீனைக் காக்கிறது. உள்ளேயிருந்து வெளியே அது தள்ளிக்கொண்டு வரும்வரை எண்ணெய்க்கு உள்ளே நுழைய வழி இல்லை. துண்டின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாமல் ஆவியில் வேக, நீர் வற்றிய மேல்தோல் மட்டும் எண்ணெயின் சூட்டை நெருங்குகிறது. புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் வாசமும் தரும் மையார் வினை 140 டிகிரியைத் தாண்டினால்தான் சுறுசுறுப்பாக நடக்கும். தண்ணீர் இருக்கும் இடத்தில் அந்தச் சூடு வராது. ஒரே துண்டில் வெளியே பொரியலும் உள்ளே அவியலும் நடப்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. சட்டியில் இரண்டு லிட்டர் எண்ணெய் இருக்கிறது என்று வைப்போம். அதன் சூடு ஒரு டிகிரி இறங்கினால் சுமார் 4 கிலோஜூல் கிடைக்கும். நூறு கிராம் துண்டிலிருந்து 20 கிராம் தண்ணீரை ஆவியாக்க 45 கிலோஜூல் வேண்டும். ஒரு துண்டே எண்ணெயை 11 டிகிரி குளிர வைக்கும். அவசரத்தில் பத்துத் துண்டை ஒன்றாகத் தள்ளினால் அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் ஈடுகொடுக்க முடியாது; எண்ணெய் 130, 120 என்று இறங்கும். ஆவியின் வேகம் தளரும், மேல்தோல் இறுகாது, துண்டு எண்ணெயில் ஊறிக் கிடக்கும். கூட்டம் நின்றாலும் ஒரு ஈட்டுக்கு நாலைந்து துண்டுக்கு மேல் போடாத கடைக்காரர் வெப்ப இயற்பியலைக் கையால் கற்றவர்.

மீன் எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் சட்டியில் இருக்கும்போது அல்ல என்றால் நம்புவது கடினம். வெளியே எடுத்ததும் தோலின் நுண்துளைகளில் இருந்த ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்குகிறது. அங்கே ஏற்படும் வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். உருளைக்கிழங்கு வறுவலைச் சாயம் சேர்த்த எண்ணெயில் போட்டுச் சோதித்துப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே அரிகரண்டியால் துண்டை அள்ளி, சட்டிக்கு மேலேயே சூடு ஆறுவதற்குள் நாலு தட்டுத் தட்டி உதறுகிறாரா என்று பாருங்கள். அந்தச் சில விநாடியில் உதிராத எண்ணெய், பிறகு எத்தனை காகிதத்தில் ஒற்றினாலும் முழுதாக வராது.

எண்ணெய் புதிதாக இருந்தால் நல்லது என்பதும் முழு உண்மை இல்லை. தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாதவை. அப்போதுதான் ஊற்றிய எண்ணெயில் முதல் ஈடு வெளுத்துப்போய், உள்ளே வேகாமல் வரும். சில ஈடு பொரிந்தபின் எண்ணெய் கொஞ்சம் சிதைந்து சோப்புப் போன்ற சில பொருள்கள் உருவாகின்றன. அவை எண்ணெயை ஈரமான மீனோடு நன்றாக ஒட்டவைத்துச் சூட்டைச் சீராகக் கடத்துகின்றன. 1991-இல் மைக்கேல் புளூமென்தால் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த விளக்கத்தை முன்வைத்தார். புத்தம்புது எண்ணெய்க்கும் கெட்ட எண்ணெய்க்கும் நடுவில் ஒரு பொற்காலம் இருக்கிறது. அது முடிந்தபின் அதே சோப்புப் பொருள்கள் மிகுந்து, எண்ணெய் மீனுக்குள் தாராளமாகப் புகும். தோல் கறுக்கும், உள்ளே பச்சையாக நிற்கும். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 முதல் வைத்திருக்கும் எல்லை, எண்ணெயிலுள்ள சிதைந்த துருவப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது. பழைய எண்ணெயைத் திரட்டி பயோடீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது.

கடைக்கு முன்னால் நிற்பவரிடம் அளவுகோல் இருக்காது. கண்ணும் மூக்கும் போதும். நல்ல எண்ணெயில் குமிழ்கள் பெரிதாக எழுந்து உடனே உடையும். கெட்ட எண்ணெயில் நுரை பொடிப்பொடியாகப் படர்ந்து அடங்காமல் நிற்கும். மீனே இல்லாத சட்டியில் மெல்லிய நீலப்புகை கிளம்பித் தொண்டையைக் கரித்தால், கொழுப்பு உடைந்து அக்ரோலின் வருகிறது. அடுத்த கடைக்குப் போகலாம். நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வற்றல் மிளகாயின் சிவப்பு எண்ணெயில் கரையும் வகை, நல்ல எண்ணெயையும் ஒரு மணி நேரத்தில் செவ்வந்தி நிறமாக்கிவிடும். உணவுச் சாயங்களின் சிவப்போ தண்ணீரில் கரைவது. எலுமிச்சை பிழிந்ததும் சாறு ரோஜா நிறத்தில் ஓடினால், அது மிளகாயின் வேலையாக இருக்க வாய்ப்புக் குறைவு. கர்நாடகத்தில் 2024 ஜூனில் மீன், கோழிக் கபாப்களில் செயற்கை நிறத்துக்குத் தடையே போட்டார்கள்.

வெள்ளைக்காரர்களின் 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்' கதையும் இதே வேகக் கணக்குதான். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து வந்த யூதர்கள் மாவில் தோய்த்துப் பொரித்த மீனை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். 1860 வாக்கில் ஜோசஃப் மாலின் என்ற யூதர் அங்கே மீனையும் சிப்ஸையும் சேர்த்து விற்றார் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொடக்கம். லங்காஷயர்க்காரர்கள் தங்கள் மாஸ்லி ஊரின் ஜான் லீஸ்தான் முதல் என்பார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். நீராவிப் படகும் ரயிலும் வந்து கடல் மீனை உள்நாட்டு ஆலைத் தெருவுக்கு ஒரே நாளில் சேர்த்த பிறகுதான் அந்த உணவு பெருகியது. பெருகிய இடமும் லங்காஷயரின் பஞ்சாலை ஊர்கள்: வேலை முடிந்து வரும் பெண்களுக்கு அடுப்பு மூட்ட நேரமில்லாத ஊர்கள். நெசவுக்குப் பேர்போய், பிற்பாடு பீடித்தட்டு வீட்டுக்கு வீடு புகுந்த மேலப்பாளையத்தில் மாலைப் பார்சல் ஏன் இவ்வளவு ஓடுகிறது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ரேஷன் வந்தபோதும் மீனும் சிப்ஸும் தப்பின.

அங்கே சிப்ஸ் என்றால் விரல் கனத்து உருளைக்கிழங்கு. நம் பக்கத்தில் அதன் இடம் மரச்சீனிக்கு. இரண்டுமே தென் அமெரிக்கக் கிழங்குகள். மீன் மசாலாவின் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பிய பெருமை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாளுக்குச் சொல்லப்படுகிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று அந்த அரசின் மண்தான். மலையடிவாரம் தாண்டினால் அவித்த மரச்சீனியும் மீன் குழம்பும் இன்றும் பிரியாத ஜோடி. அந்த ஜோடிக்குப் பின்னால் வெறும் ருசி மட்டும் இல்லை. மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. சிதைந்தால் சயனைடு தரும். தோலுரித்து, நறுக்கி, தண்ணீர் மாற்றி அவித்தால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தை உடம்பு கந்தகம் சேர்த்துத் தயோசயனேட்டாக்கி வெளியேற்றுகிறது. அந்தக் கந்தகத்துக்கு மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் வேண்டும். கிழங்கில் அவை மிகக் குறைவு, மீனில் தாராளம். பல தலைமுறைப் பாட்டிகளுக்குத் தயோசயனேட் தெரியாது. சாளையில்லாமல் மரச்சீனி இறங்காது என்று மட்டும் தெரியும்.

வறுத்தாலும் மரச்சீனி உருளைக்கிழங்கைவிடச் சமர்த்து. குளிர்பதனக் கிடங்கில் கிடந்த உருளைக்கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதைப் பொரித்தால் சிப்ஸ் சீக்கிரம் கறுத்து, 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் உலகுக்குச் சொன்ன அக்ரிலமைடும் கூடும். மரச்சீனியில் அந்தச் சர்க்கரை பொதுவாகக் குறைவு. வெளிர் மஞ்சளாக, கண்ணாடிபோல் நொறுங்கும்.

நொறுங்குவது என்பது தண்ணீர்க் கணக்கு. வறண்ட மாவுச்சத்து கண்ணாடி நிலையில் விறைத்து நிற்கிறது. கொஞ்சம் ஈரம் ஏறினாலும் ரப்பராகிவிடும். கோதுமை மாவைவிட அரிசி மாவோ கார்ன்ஃப்ளவரோ பூசிய மீன் அதிக நேரம் மொறுமொறுப்பது, அவற்றில் ஈரத்தை இழுத்து இழுவையாக்கும் குளூட்டன் இல்லாததால். ஆனால் எந்த மாவாலும் பிளாஸ்டிக் பையை ஜெயிக்க முடியாது. சூடான மீனைப் பையில் போட்டு வாயை முடிந்தால், வெளியேறும் ஆவி உள்ளேயே தண்ணீராக வழிந்து தோலில் ஊறும். பத்து நிமிடத்தில் பொரிச்ச மீன் அவிச்ச மீனாகிவிடும். வெள்ளிப் பூச்சுக் கவர் சூட்டைக் காக்கும், ஈரத்தையும் சேர்த்துக் காக்கும். செய்தித்தாள் ஆவியை விடும், எண்ணெயையும் குடிக்கும். அச்சு மையும் மீனில் ஏறும் என்பதால் 2016-இலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அது வேண்டாம் என்றது. வாழையிலையை அடியில் விரித்து, மேலே வெறும் பழுப்புக் காகிதத்தைத் தளர்வாக மடித்துத் தரச் சொன்னால் பல கடைக்காரர்கள் மறுக்காமல் செய்வார்கள்.

சிப்ஸைத் தனிப் பொட்டலமாக வாங்குங்கள். மீனோடு ஒரே பையில் வைத்தால் மீனின் ஆவி முழுக்க அதில்தான் ஏறும். வெங்காயமும் தனி. எலுமிச்சையை வீட்டுக்குப் போய்ப் பிழியலாம். வீடு கொஞ்சம் தூரம் என்றால், "பாய், மசாலா போட்டது பொரிக்காமத் தருவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் தருவார்கள். ஒரு டிபன் பாக்ஸும் கொஞ்சம் ஐஸும் கையில் இருந்தால் போதும்.